காற்று வழியில் ஒட்டிய படம்

அவர் ஹெல்பர் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. கருமாதிக்கு அடித்த நோட்டீசில் "ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஹெல்பர்" என்று போட்டிருந்தார்கள். பெற்ற மகள் கொடுத்த விபரம்தான். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? தோட்டம் கொடுத்த கடைசிக் கடிதத்தில் அப்படித்தானே இருந்தது. ஆனால் புசல்லாவைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருபத்தாறு வருஷம் மோட்டர் என்று சுற்றிய எல்லாவற்றையும் சுற்றவைத்தவர் பொன்னையா மாமா. "எலெக்ட்ரீஷியன்" என்ற ஒரு வார்த்தை அவர் பெயருக்குப் பின்னால் வராமல் போனதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா என்றால் சொந்தம் இல்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாலாவது காம்பரா அவருடையது, ஆறாவது எங்களுடையது. நடந்து பழகிய நாளிலிருந்து அவரை மாமா என்றும், அவர் சம்சாரம் பாலம்மாவை அத்தை என்றும் கூப்பிட்டுப் பழக்கம். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். கோபம் வந்தால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள், இவர் பேச்சையே நிறுத்திவிடுவார். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. திட்டினால் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே.

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். லயங்களுக்குக் கரண்ட் இழுக்க வந்த கொந்தராத்துக்காரரோடு வயர் தூக்கிக்கொண்டு போய், பார்த்துப் பார்த்தே தொழிலைப் படித்தார். கையில் சான்றிதழ் கிடையாது. அதனால் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவர் ஹெல்பர். எலெக்ட்ரீஷியன் என்று சான்றிதழோடு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், குளிர் தாங்காமல் போனார்கள். மூவருக்கும் எந்த வயர் எங்கே போகிறது என்று காட்டிக் கொடுத்தது இந்த ஹெல்பர்தான். காலையில் ஸ்டோருக்குள் வந்ததும் ஒவ்வொரு மோட்டர் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் எங்கள் ஸ்டோருக்கு இரண்டு டிரைவ் வந்தன. டிரைவ் என்பது ஒரு பெட்டி. மேல்மாடியில் நீளமான தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய பேன் வைத்துக் காற்றடித்து மணிக்கணக்காக வாட்டுவோம். மற்றப் பெண்களோடு நான் அந்த மேல்மாடியில்தான் வேலை செய்தேன், இப்போதும் செய்கிறேன். முன்பெல்லாம் அந்தப் பேன் ஓடினால் முழுவேகம், இல்லையென்றால் நிறுத்தம். டிரைவ் வந்த பிறகு வேண்டிய அளவுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கரண்டும் மிச்சம்.

அது வருவதற்கு முன்பே மாமா தோட்டத்து மேனேஜரான துரையிடம் போய்ச் சொன்னார், ஒரு சைஸ் பெரிய பெட்டியாக எடுக்க வேண்டும் என்று. இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை அகராதி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்திருந்தார். பெட்டி வேலை செய்யும்போது சூடாகும், அந்தச் சூட்டைக் காற்றுதான் வாங்கிக்கொண்டு போகவேண்டும். மலை ஏற ஏறக் காற்று இலேசாகிவிடும், இலேசான காற்றுக்குச் சூட்டைச் சுமக்கிற தெம்பு குறைவு. போதாததற்கு எங்கள் பெட்டிகள் நிற்கப்போகிற இடம் மேல்மாடியில், தேயிலை காயவைக்கும் டிரையருக்கு அடுத்த சுவர், அங்கே எப்போதும் அனல். ஆகவே பெட்டியில் பதினைந்து கிலோவாட் என்று எழுதியிருந்தால் அது கொழும்புக்குப் பதினைந்து, எங்களுக்குப் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கண்டியிலிருந்து வந்த, பெட்டி விற்கிற கம்பனி ஆள் சிரித்தாராம். ஹெல்பரெல்லாம் கணக்குப் பாடம் எடுக்கிறார்களா என்று கேட்டாராம். சின்னப் பெட்டியையே வாங்கினார்கள்.

மாமா மறுபேச்சுப் பேசவில்லை. வந்த பெட்டியைக் காப்பாற்றுவதற்கு வழி தேடினார். டிரையர் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் தகரத் தட்டி அடித்தார். எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து மலைக்காற்று உள்ளே வர வழி செய்தார். பெட்டிக் கதவின் அடியில் கோடு கோடாகக் காற்றுத் துவாரம் இருக்கும். அதற்கு உட்பக்கம் துணி வைத்து, தேயிலைப் பஞ்சு போய் அடைக்காமல் தினமும் காலையில் உதறிப் போடுவார். வேகம் கூட்டுகிற குமிழில் நாற்பத்து மூன்றுக்கு நேரே சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தார். அதைத் தாண்டக் கூடாது. ஸ்டோரை நடத்துகிற டீ மேக்கர் ஜீவன் அதற்காக அவரோடு எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பார்! பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் இதே பெட்டிகள் இரண்டு வருஷத்தில் கருகிப் போயின. எங்களுடையது ஓடியது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் புதுத் துரை வந்தார். அவர் கண்ணில் இது பட்டது. மற்ற இடங்களில் எரிந்த பெட்டி இங்கே எப்படி ஓடுகிறது என்று விசாரித்து, மாமாவைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் அரை மணி நேரம் பேசினார். முடிவில் ஒரு வாக்குக் கொடுத்தார். வருஷம் முடியும்வரை இரண்டு பெட்டியும் பழுதில்லாமல் ஓடினால், ஜனவரியில் சான்றிதழ் கேட்காமலே எலெக்ட்ரீஷியன் என்று கடிதம் தருவதாகச் சொன்னார். மாமாவுக்கு அடுத்த ஜூனில் அறுபது. பென்ஷன் எடுப்பதற்கு முன் ஆறு மாதமாவது அந்தப் பெயரோடு இருக்கலாம் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து வருமா? ஆனால் அந்த வாரம் புதுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தார்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கைக்காசுக்கு, அதாவது பெயர் பதியாமல் நாட்கூலிக்கு, நின்றுகொண்டிருந்தேன். மேல்மாடி வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி டீ மேக்கரிடம் பேசியவர் மாமாதான். அந்த நன்றிக்கு என்ன செய்வது என்று எனக்குள் ஒரு குடைச்சல் இருந்துகொண்டே இருந்தது.

ஒக்டோபரில் ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எங்கள் ஸ்டோரைப் பார்க்க வேண்டும். பகலோடு மெசினையெல்லாம் நிறுத்திக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சாமி படம் ஒட்டுவோம். எங்களுக்குச் சோறு போடுகிற இரும்பு அல்லவா? ரோலருக்கு ஒரு பிள்ளையார், டிரையருக்கு ஒரு முருகன் என்று வருஷா வருஷம் நடக்கும். டிரைவ் பெட்டிக்கு மட்டும் யாரும் படம் வைக்கவில்லை. மாமா வேண்டாம் என்று கையை ஆட்டிவிடுவார். அவர் கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்தேன்.

அந்த வருஷம் மாமா அன்றைக்கு ஸ்டோரில் இல்லை. இரண்டு பெட்டிகளில் ஒன்றின் மேலே, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துத் தள்ளுகிற சின்னப் பேன் முனகத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் இறங்காத காலம், கம்பனியிடம் கேட்டால் இல்லை என்ற பதில்தான். கண்டி டவுனில் நஸீப் என்பவருடைய கடையில் பழைய பேன் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்து, காலை பஸ்ஸிலேயே புறப்பட்டுப் போயிருந்தார். பின்னேரம் மழை கொட்டியதில் திரும்ப முடியாமல் குண்டசாலையில் மகள் வீட்டில் தங்கிவிட்டார்.

நான் முதல் நாளே அத்தையிடம் போய், மாமாவுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டிருந்தேன். எதற்கு என்று அத்தை கேட்டதற்கு, ஒரு வேண்டுதல் என்று மட்டும் சொன்னேன். கம்பளையில் வாங்கிய பெரிய சரஸ்வதி படம், மேலே பிளாஸ்டிக் பூசியது. அதன் பின்பக்கம், கோவிலில் அர்ச்சனைக்கு எழுதிக் கொடுக்கிற மாதிரி, பென்சிலால் எழுதினேன்: "பொன்னையா, அனுஷ நட்சத்திரம், எலெக்ட்ரீஷியன் கடிதம் கிடைக்க வேண்டும்." பேன் முனகுகிற அந்தப் பெட்டியின் மேல்பாதியில் மீட்டரும் குமிழும் இருந்தன. கீழ்ப்பாதிதான் வெறுமையாக இருந்தது, அந்தக் கோடுகளைத் தவிர. அளவெடுத்த மாதிரிப் படம் அங்கே உட்கார்ந்தது. நாலு ஓரமும் கோதுமை மாப் பசை தடவி, காற்றுக்குக் கூடப் பிரியாதபடி அழுத்தி ஒட்டினேன். ஒட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா எனக்கு!

மறுநாள் விடியற்காலையில் ஸ்டோர் ஓடத் தொடங்கியது. இரண்டு நாள் கொழுந்து, அத்தனையும் மழையில் நனைந்தது. தொட்டியில் சோறு மாதிரிக் குவிந்து கிடந்தது. ஈரம் போகக் காற்று வேண்டும் என்று ஜீவன் குமிழைச் சிவப்புப் புள்ளிக்கு மேலே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக நின்றது. சூடு தாங்காவிட்டால் நின்றுகொள்கிற புத்தி அதற்கு உண்டு. ஜீவன் பொத்தானை அழுத்தி மறுபடி ஓடவிட்டார். மறுபடி நின்றது. நாலு தடவையோ ஐந்து தடவையோ. அதற்குப் பிறகு டப்பென்று ஒரு சத்தம், படத்தின் ஓரங்களிலிருந்து நூல் நூலாகப் புகை. நாங்கள் எல்லோரும் கொழுந்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம்.

மாமா பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் பழைய பேன் சுற்றிய பார்சல். ஜீவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே படியேறி வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். பிறகு என்னைப் பார்த்து ஒரு போத்தல் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். படத்தின் ஓரங்களை நனைத்து, கிழியாமல், அவசரப்படாமல் உரித்தார். துவாரங்கள் தெரிந்தன, உள்ளே கருகிய துணி தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமா படத்தைப் பத்திரிகைத் தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. பென்சில் எழுத்துத் தண்ணீரில் போயிருக்கும், அவர் பின்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த நாள் கண்டியிலிருந்து கம்பனி என்ஜினியரும் துரையும் வந்து விசாரித்தார்கள். செத்த பெட்டியைத் திறந்து பார்த்த என்ஜினியர், காற்று போகாமல் வெந்திருக்கிறது, இதைச் சுத்தம் பண்ணுகிறது யார் பொறுப்பு என்று கேட்டார். ஜீவன் வாய் திறப்பாரா? குமிழைத் திருப்பியதும் பொத்தானை அழுத்தியதும் அவர் ஞாபகத்துக்கே வரவில்லை. நான் பத்தடி தூரத்தில் கொழுந்தைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

"நாந்தான் சேர் பாக்கணும்," என்றார் மாமா. "அன்னைக்கு நான் பாக்கல. தப்பு என்னோடதுதான்."

துரை அவரையே பார்த்தார். படம் ஒட்டியதா, யார் ஒட்டியது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இன்னும் வேகமாகக் கிளறினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அந்த மாதம்தான் என் பெயரைப் பதிவதாகச் சொல்லியிருந்தார்கள். பயம். வேறு என்ன காரணம் சொல்ல? கொழுந்தைக் கிளறிக்கொண்டே நின்றேன். என் பெயரும் அந்த மாதம் பதிவானது.

ஜனவரியில் கடிதம் வரவில்லை. அதைப் பற்றி மாமா யாரிடமும் பேசவில்லை. பெட்டி இல்லாமல் பேன் பழையபடி முழுவேகத்தில் இரைந்துகொண்டு ஓடியது. மிச்சமிருந்த மற்றப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை அடித்து, அதன் மேல் ஒரு சரஸ்வதி படத்தை வைத்தார். மேல்மாடிப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கதவில் இருக்கிற கோடு அழகுக்கு இல்லை, அது பெட்டியின் மூக்கு, சாமிக்குச் செய்வதை இந்தப் பலகையில் செய்யுங்கள் என்று சொன்னார். எல்லோரையும் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு முகம் எரிந்தது. நல்ல கோபமும் வந்தது, சொன்னால் நம்புவீர்களா? இதை முன்பே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று அவர் மேல் கோபம். வேண்டாம் என்று கையை ஆட்டினால் யாருக்கு விளங்கும்? இப்படியே அவர் மேலும் ஜீவன் மேலும் மாறி மாறிக் கோபப்பட்டு நாட்களைக் கடத்தினேன்.

ஜூனில் ஓய்வு. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம், பிரியாவிடை என்று ஒன்றும் நடக்கவில்லை. காம்பராவை விட்டுவிட்டு இருவரும் குண்டசாலைக்கு மகள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே ஒரு வேர்க்ஷொப்பில் மோட்டர் வேலைக்கு ஆள் கேட்டார்களாம். தோட்டத்துக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, ஹெல்பர் என்றுதானே இருக்கிறது, எலெக்ட்ரீஷியன்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னும் இரண்டு இடத்திலும் அதே பதில். கடைசியில் ஒரு களஞ்சியத்துக்குக் காவல்காரராகப் போனார். நான் ஒரு தடவை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், ஒரு ஆள் உட்காரும் கூண்டு. பங்குனி வெயிலில் அதற்குள் உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டிக்குக் காற்று வேண்டும் என்று சுவரில் ஜன்னல் திறந்த மனிதரை ஜன்னல் இல்லாத கூண்டில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அழுகையாக வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், மற்றப் பெட்டி இன்னும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுத்த தடவை சொல்லலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

அந்த அடுத்த தடவை வரவில்லை. மூன்று வருஷம் அந்தக் கூண்டில் இருந்தார். போன மாதம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் போய்விட்டார்.

கருமாதிக்குப் போனேன். சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் போய், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பாலம்மா அத்தை உள்ளே கூப்பிட்டார். அலுமாரியைத் திறந்து, பழைய சாரியில் சுற்றியிருந்த அந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தார். அதற்குள் இரண்டாக மடித்து வைத்திருந்தது, பிளாஸ்டிக் பூசிய சரஸ்வதி. விரித்து, பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் கட்டிலில் வைத்தார். துவாரங்கள் இருந்த இடமெல்லாம் புகை கோடு கோடாகப் படிந்திருந்தது. இரண்டு கோட்டுக்கு நடுவில் என் எழுத்து, ஒன்றுகூட அழியவில்லை. பொன்னையா, அனுஷ நட்சத்திரம்.

"ஒட்டுனது நாந்தான் அத்தை," என்றேன். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும் புள்ள. நச்சத்திரம் கேட்டு நீதானே வந்த?" என்றார் அத்தை. கோபம் இல்லாத குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னைக்கே கொண்டாந்து காமிச்சாரு. நமக்கு ஒரு நல்லது நடக்கணும்னு நெனைச்ச புள்ள, அது வேலைக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னாரு."

அத்தை படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தார்.

"தானா வந்து சொல்லும், நீ ஒண்ணும் கேக்காதன்னு என் வாயையும் கட்டிப்புட்டாரு. நீ அந்தக் கூண்டுக்கு வந்துட்டுப் போன அன்னைக்கு, சொல்லிச்சான்னு நான் கேட்டேன். இல்ல, அடுத்தவாட்டி சொல்லும்னாரு." அத்தை அலுமாரியைச் சாத்தினார். "அவரு இருக்கையில சொல்லியிருக்கலாம்ல, நிரோஷா."